பம்பாயிலிருந்து பாரிஸுக்கு ஏழு மணி நேரம்

பம்பாயில் காலை ஆறு மணிக்குக் கிளம்பும் விமானம் பாரிஸில் பகல் ஒரு மணிக்கு இறங்கும். ஆக மொத்தம் ஏழு மணி நேரம். எழுபதுகளில் புதுச்சேரியில் இதை நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கேட்டவர்கள் மறுபேச்சில்லாமல் தலையாட்டிக்கொண்டு போனார்கள். போய் வந்தவன் சொல்கிறானே என்ற நம்பிக்கைதான்.

நான் போகவில்லை. பம்பாயோடு நின்றுவிட்டவன் நான். என் மனைவி காலமாகிவிட்டதால்தான் இதை இப்போது எழுத முடிகிறது. அவள் இருந்திருந்தால் இந்தக் காகிதத்தையும் கிழித்துப் போட்டிருப்பேன்.

எங்கள் ஊரில் அப்போது தெருவுக்கு நாலு பேராவது பிரான்சில் இருந்தார்கள். பெரும்பாலும் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள், சொல்தாக்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். எங்கள் வீடு அந்த வகை இல்லை. அப்பா மில் தொழிலாளி. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் பாரிஸில் ஓட்டல் வேலை இருக்கிறது, காகிதமெல்லாம் பம்பாயில் தயாராக இருக்கும் என்று எழுதியதை நம்பிக் கிளம்பினேன். கிளம்பியது தப்பில்லை, கிளம்பிய விதம்தான் தப்பு. ஸ்டுடியோவில் கோட்டுப் போட்டுப் படம் எடுத்துக்கொண்டேன். வீராம்பட்டினத்து அத்தை அம்மன் கோயில் குங்குமத்தைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தாள். மாலையும் கழுத்துமாக என்னை பஸ் ஏற்ற அரைத் தெரு வந்தது. நானும் பெரிய மனிதனைப் போல ஜன்னல் வழியாகக் கையாட்டினேன்.

பம்பாயில் காகிதம் எதுவும் தயாராக இல்லை. ஒரு மாதம் பிரெஞ்சுத் தூதரக அலுவலகத்துக்கு அலைந்தேன். ஒவ்வொரு முறையும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் என் மனுவை ஒரே விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். அன்றைக்கே ஊருக்கு ரயில் ஏறியிருக்கலாம். தெருவில் பத்து நாள் கேலி பேசிவிட்டு மறந்திருப்பார்கள். அந்தப் பத்து நாளைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. மாதுங்காவில் ஒரு தமிழ் மெஸ்ஸில் சாப்பாடு பரிமாறும் வேலைக்குச் சேர்ந்தேன். பதினான்கு மாதம் அங்கேயே இருந்தேன். வீட்டுக்குப் போட்ட கடிதங்களில் பம்பாய் முத்திரை இருந்தது. ‘இங்கிருந்து பம்பாய் வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன், சீக்கிரம் கிடைக்கும்’ என்று எழுதினேன். அப்பாவும் அம்மாவும் அதை நம்பினார்கள்.

குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒரு சித்திரை மாதத்தில் திரும்பி வந்தேன். கையில் நடைபாதையில் வாங்கிய கம்பளிக் கோட்டு, பெட்டியில் நாலு செண்ட் பாட்டில், மணிக்கட்டில் ஒரு வாட்ச். வேர்த்து வழிய கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனால் ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. மூன்றே மாதத்தில் பெண் கொடுத்தார்கள், பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு காகிதக் கடையில் வேலையும் கிடைத்தது. ‘பாரிஸ்காரர்’ என்று பெயரும் வந்துவிட்டது.

பேர் வந்தால் சும்மா இருக்க முடியுமா? பிரான்சுக்குப் போகிறவர்கள் கடைக்கு வந்து கேட்பார்கள், நானும் அளந்துவிடுவேன். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், மேலே ஏறும்போது எச்சிலை விழுங்குங்கள், அவர்கள் கொடுக்கும் ரொட்டி கல்லு மாதிரி இருக்கும், தண்ணீரில் நனைத்துச் சாப்பிடுங்கள். எல்லாம் மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்தவர்கள் பேசக் கேட்டது. மணிக்கணக்கு மட்டும் என் சொந்தச் சரக்கு. பம்பாயில் ஒரு டிக்கெட் அலுவலகத்தில் இலவசமாகக் கொடுத்த கால அட்டவணைப் புத்தகம் என்னிடம் இருந்தது. பம்பாய் ஆறு, பாரிஸ் பதின்மூன்று என்று அதில் போட்டிருந்தது. பதின்மூன்றில் ஆறு போனால் ஏழு. அந்த வரிக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேறு என்னென்னவோ இருந்தது. அதைப் படிக்க நான் மெனக்கெடவில்லை.

என்னைத் திருத்த ஆள் இல்லை. நிஜமாகவே பிரான்சில் இருந்தவர்கள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விடுமுறையில் வருவார்கள். அவர்கள் கடைப் பக்கம் தலைகாட்டினால் எனக்குப் பின்கட்டில் அவசர வேலை வந்துவிடும். நான் சொல்லி அனுப்பியவர்களோ நாலு பேரோடு சேர்ந்து போனார்கள், கூட்டத்தோடு ஏறிக் கூட்டத்தோடு இறங்கினார்கள். ஏழு மணி நேரமா பத்து மணி நேரமா என்று யார் எழுதிக் கேட்கப் போகிறார்கள்?

தனியாகப் போன ஒரே ஆள் அந்த அக்காதான்.

பெரிய மார்க்கெட்டில் காய்கறி விற்றவர். கணவர் மில்லில் வேலை பார்த்து இறந்துபோனார். ஒரே மகள். அவளை ஒரு சொல்தாவுக்குக் கொடுத்திருந்தார், பாரிஸுக்குப் பக்கத்தில் ஏதோ முகாமில் அவருக்கு வேலை. மகளுக்குத் தலைப்பிரசவம், தை மாதத்தில் என்று நாள் குறித்திருந்தார்கள். மகள் தாய் வீட்டுக்கு வர முடியாததால் தாய் அங்கே போக வேண்டும். மாப்பிள்ளை டிக்கெட் அனுப்பிவிட்டார். கடலூர் தாண்டி எங்கும் போகாத அக்கா ஒரு மத்தியான வேளையில் கடைக்கு வந்தார், ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு.

“தம்பி, நீ போய் வந்தவன். எத்தினி நேரம் ஆவும் சொல்லு.”

“ஏழே மணி நேரம்க்கா. பஸ்ஸுல மெட்ராஸ் போயிட்டுத் திரும்பற நேரங்கூட இல்ல.”

“நடுவுல எங்கியாச்சும் நிக்குமா?”

கடையில் அப்போது மூன்று நான்கு பேர் இருந்தார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்கு நாக்கு நீளும். “ஆகாசத்துல எங்கக்கா நிக்கிறது? திண்டிவனத்துல டீ குடிக்க நிறுத்தற மாதிரி நிறுத்துவானா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். கேட்டது சரியான கேள்வி. அதைக் கேலி செய்து அவர் வாயை அடைத்தவன் நான்.

“அப்ப ஏறினா எறங்கறது பாரிஸ்லதான்.”

“பாரிஸ்லதான்.”

“அவரு வாட்ச்சு வீட்ல சும்மா கெடக்குது. அதக் கட்டிக்கினு போறேன். ஏழு மணி நேரம் பாத்துக்கினே இருந்தா ஆச்சில்ல?”

“ஆச்சு. அரை மணி முன்னப் பின்ன ஆவும், அவ்ளோதான்.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். பம்பாய் ஸ்டேஷனில் ஒருவன் தேனொழுகப் பேசி என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தது ஞாபகம் வந்தது. அதைப் பாரிஸில் நடந்ததாக மாற்றிச் சொன்னேன்.

“எறங்கினதும் ஒரு எடத்துல குந்திக்கோங்க. யாரு என்ன சொன்னாலும் நகராதீங்க. சட்டை கவுனு போட்ட பொம்பளைங்க சிரிச்சிக்கினே வந்து கையப் புடிச்சி இழுப்பாங்க. போயிடாதீங்க. மாப்ள வந்து கூப்ட்டாதான் எழுந்திரிக்கணும்.”

அக்கா விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். “ஏழு மணி நேரம். எறங்கி குந்திக்கணும். மாப்ள வர்ற வரைக்கும் நகரக் கூடாது.” சொல்லிவிட்டு சரியா என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தார். சரி என்றேன்.

மார்கழிக் கடைசியில் போனார். மாப்பிள்ளையின் தம்பி பம்பாய் வரை கூடப் போய் விமானம் ஏற்றிவிட்டு வந்தான். பிள்ளை பெற்றவளுக்கான லேகியம், பூண்டு, குழந்தைக்குச் சுற்ற நைந்துபோன தன் நூல்புடவைகள் எல்லாம் ஒரு பையில் வைத்து மடியிலேயே வைத்திருந்தாராம்.

மூன்று வாரம் கழித்து அக்காவின் தங்கை ஒரு வெளிநாட்டுக் கடிதத்தோடு கடைக்கு வந்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. பிரான்சிலிருந்து யாருக்குக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டுவருவதுதான் வழக்கம். நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். எழுதியிருந்தது மகள்.

‘சித்தி, அம்மா நடுவழியில் இறங்கிவிட்டார்கள்’ என்று இருந்தது. விமானம் கெய்ரோவில் நின்றிருக்கிறது. எல்லாரையும் கீழே இறக்கி ஒரு கூடத்தில் உட்கார வைத்து, முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்ப ஏற்றுவார்களாம். வாட்ச்சில் ஆறேகால் மணி நேரம் ஆகியிருந்ததாம், பாரிஸ் கொஞ்சம் முன்னாடியே வந்துவிட்டது என்று அக்கா நினைத்துக்கொண்டாராம். பையோடு இறங்கி ஒரு தூணோரமாக உட்கார்ந்துகொண்டார். மற்றவர்கள் திரும்பப் போனபோது நகரவில்லை. விமானத்துப் பெண் ஓடி வந்து சிரித்துக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். அக்கா இரும்பு நாற்காலியின் காலை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு “என் மாப்ள வருவாரு” என்று கத்தினாராம். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். கடைசியில் விமானம் அவரை விட்டுவிட்டுப் போய்விட்டது.

அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். தங்கை “படி, படி” என்றாள்.

அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்துத்தான். அதுவரை அக்கா அந்த நாற்காலியை விட்டு எழுந்ததே இரண்டு மூன்று முறைதானாம். கூடத்தைப் பெருக்க வந்த ஒரு பெண் தினமும் ரொட்டியும் டீயும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். அங்கே மாப்பிள்ளை பாரிஸ் விமான நிலையத்தில் ஒவ்வொரு ஜன்னலாக ஓடிக்கொண்டிருந்தார். வீட்டில் மகள் தனியாக இருந்தாள். அன்று சாயங்காலமே வலி எடுத்துவிட்டது. கீழ்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு அனுப்பி வைத்தாள். ‘அம்மா எங்கோ செத்துப்போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேதான் பெற்றேன் சித்தி. கை பிடிக்க ஒருத்தர் இல்லை. ஆண் பிள்ளை. மூன்றாம் நாள்தான் அம்மா வந்தார்கள்’ என்று முடித்திருந்தாள்.

தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். “நீதான சொன்ன, நடுவுல நிக்காதுன்னு?”

“நான் போனது வேற பிளேனு. அது நிக்கல.”

இதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அவளும் நம்பினாள். “அவ நேரம்” என்று சொல்லிவிட்டுக் கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.

அவள் போன பிறகு விற்பனைக்கு வைத்திருந்த பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை எடுத்துப் பிரித்தேன். பொட்டலம் கட்டும் நூலை வைத்து அளந்தேன். பம்பாயிலிருந்து கெய்ரோ நாலு விரல் என்றால் கெய்ரோவிலிருந்து பாரிஸ் மூன்று விரல். நாலு விரலுக்கு ஆறேகால் மணி நேரம் பிடித்தது. மீதி மூன்று விரலை முக்கால் மணி நேரத்தில் எந்த விமானம் தாண்டும்? என் ஏழு மணி நேரத்தில் எங்கோ பெரிய ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. எங்கே என்றுதான் தெரியவில்லை. தீர்க்கரேகையும் நேரமும் நானும் பள்ளிக்கூடத்தில் படித்தவன்தான். பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போய்விட்டது. பக்கத்துத் தெருவில் ஒரு பூகோள வாத்தியார் இருந்தார், கேட்டிருக்கலாம். போய் வந்தவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அட்லஸை மூடிப் பழைய இடத்தில் வைத்தேன். அதற்குப் பிறகு பாரிஸுக்கு எத்தனை நேரம் என்று யாராவது கேட்டால் டிக்கெட் கொடுத்தவரைக் கேளுங்கள் என்று சொல்லிப் பழகிக்கொண்டேன்.

அக்கா மகளோடு ஒன்றரை வருடம் இருந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம் மாப்பிள்ளை விடுமுறையில் வந்தபோது எல்லாரும் சேர்ந்து திரும்பினார்கள். செய்தி கேட்ட நாளிலிருந்து நான் மார்க்கெட் வழியாகப் போவதை விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு கடைக்குப் போனேன். நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, அவர்களே வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அக்காவும் மாப்பிள்ளையும் மட்டும். அக்கா கையில் ஒரு பிஸ்கட் டப்பா. என் மனைவி பாய் விரித்து, காபி போட உள்ளே போனாள்.

மாப்பிள்ளைக்கு முப்பது வயதுதான் இருக்கும். ஒட்ட வெட்டிய தலை. உட்கார்ந்த இடத்திலும் முதுகு வளையவில்லை. பிரெஞ்சு வழக்கப்படி ‘முசே’ என்று கூப்பிட்டு மரியாதையாகத்தான் பேசினார்.

“முசே, அத்த உங்களப் பத்தி நெறைய சொன்னாங்க. நீங்கதான் வழி சொல்லி அனுப்புனீங்களாமே.”

“ஏதோ தெரிஞ்சதச் சொன்னேன்.”

“ஏழு மணி நேரம்னு சொன்னீங்களா?”

என் மனைவி காபித் தட்டோடு வந்து நின்றாள். அக்காவே முந்திக்கொண்டார். “அவரு சொன்னாரு மாப்ள. வாட்ச்சப் பாத்துக்கினே போனேன்னு உங்ககிட்ட எத்தினி தபா சொல்றது?”

மாப்பிள்ளை தலையாட்டினார். என் மணிக்கட்டைப் பார்த்தார். “நல்ல வாட்ச்சு. அங்க போனப்பவே இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

“பாரிஸ்ல எறங்கினதும் முன்னால திருப்பினீங்களா, பின்னால திருப்பினீங்களா?”

எதைக் கேட்கிறார் என்றே எனக்கு முதலில் புரியவில்லை. வாட்ச்சை ஏன் திருப்ப வேண்டும்? மூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏதாவது ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

“முன்னால” என்றேன்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. அக்கா பக்கம் திரும்பி, குழந்தைக்குச் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். “அங்க மணி நமக்குப் பின்னாலதான் வரும் அத்த. அங்க மத்தியானம் ஒரு மணின்னா இங்க அஞ்சர ஆயிடும். எறங்கினதும் எல்லாரும் நாலர மணி நேரம் பின்னால திருப்பி வச்சிக்குவாங்க. காலைல ஆறுக்கு ஏறி அங்க ஒண்ணுக்கு எறங்கினா ஏழு மணி நேரம் இல்ல. பதினொன்னர மணி நேரம். போனவங்க யாரும் இத மறக்க மாட்டாங்க.”

பேச்சு அக்காவிடம், கண் என் மேல். அட்லஸில் நான் கண்டுபிடிக்க முடியாத ஓட்டை அந்த நாலரை மணி நேரம்தான். பிரான்சை மிதித்த எவனும் முதல் நாளே தன் கையால் திருப்பியிருக்கும் நாலரை மணி நேரம். நான் போகவில்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை அவர் சொல்லவில்லை. நானே சொல்லட்டும் என்று காத்திருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் போகலக்கா, தெரியாமச் சொல்லிட்டேன் என்று. என் மனைவி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பாரிஸ் போய் வந்தவனுக்கு என்று கட்டிக்கொடுக்கப்பட்டவள். நான் பாயின் ஓரத்தில் கோரையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

பேசியது அக்காதான். “பாத்தீங்களா மாப்ள, இது எல்லாத்தியும் தம்பி அன்னிக்கே சொல்லியிருப்பாரு. திருப்பணும், நிக்கும், எல்லாம் சொல்லியிருப்பாரு. என் மண்டையில ஏறல. ஏழுன்றத மட்டும் புடிச்சிக்கினேன். கூறுகெட்டவ. எம்பொண்ணு தனியாக் கெடந்து துடிச்சது என் கூறுகெட்டதனத்தாலதான். அவரக் கேக்காதீங்க.” என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. “தம்பி, ஊர்ல அவன் சொன்னதாலதான்னு ஒண்ணு ரெண்டு பேருகிட்ட சொல்லிட்டேன். தப்பு. நீ மனசுல வச்சிக்காத. என்ன மன்னிச்சிடு.”

மாப்பிள்ளை இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பரவால்லக்கா” என்றேன். “மொத தடவ போறவங்களுக்கு அப்பிடித்தான் ஆவும். விடுங்க. நான் ஒண்ணும் நெனச்சிக்கல.”

அக்காவின் முகம் தெளிந்தது. மாப்பிள்ளை எழுந்துவிட்டார். என் மனைவியிடம் மட்டும் வரேன் என்று சொல்லிவிட்டு வாசலில் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த மாதமே அக்கா மார்க்கெட்டில் பழைய இடத்தில் கடை போட்டார். அதற்கப்புறம் நான் அந்த வழியாகப் போனால் போதும், கூப்பிட்டு என் பையில் ஒரு கட்டு கொத்தமல்லியோ ரெண்டு எலுமிச்சம்பழமோ போடுவார். பெரிய மனசு பண்ணி மன்னிச்சவரு என்று பக்கத்துக் கடைக்காரிகளிடம் என்னைக் காட்டிச் சொல்வார். அவர் கடை போட்ட கடைசி நாள் வரை இது நடந்தது. வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை.